இழிவுபடுத்தும் வீடியோ: பதிலா, புகாரா?

நபிகளாரை (ஸல்) இழித்து ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் வருகிறது.

எதற்கு எது: விமர்சனம், சந்தேகம் என்றால் பதில். வேண்டுமென்றே கெட்ட நோக்கோடு புண்படுத்தினால் புகார்.

தேவை: பதிலுக்குப் பொறுமையும் படிப்பும், ஆதாரத்தை ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) சரிபார்த்த பிறகே அனுப்புங்கள். புகாருக்கு இணைப்பு, தேதி, ஸ்கிரீன்ஷாட். குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் இந்தியச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் நம் மனவருத்தம் மட்டும் போதாது, வீடியோ போட்டவரின் கெட்ட நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். நீதிமன்றம் வழக்கை ஏற்க அரசின் முன் அனுமதியும் வேண்டும், இழுத்தடிக்கும்.

கெடுவது: "அநியாயத்தைப் பாருங்கள்" என்று அதே வீடியோவை நாமே பரப்புவது. பதிலுக்குப் பிற மதத்தார் வணங்குவதைத் திட்டுவது இன்னும் மோசம். குர்ஆன் 6:108 அதைத் தடுக்கிறது.

பக்கத்து வீட்டார், சக ஊழியர் கேட்டால் பதில். கலவரம் தூண்டும் பதிவென்றால் ஜமாஅத் மூலம் ஒரே புகார்.