10 வயதுப் பிள்ளைக்கு எந்த வண்டி? சிங்கப்பூர்ப் பயணத்துக்காகப் பார்த்த நான்கு வகைகள்

என் மகனுக்கு 10 வயது, எடை 31 கிலோ. ஓட்டிசம் உள்ள பிள்ளை. கால்களில் எந்தக் குறையும் இல்லை. எங்களூரான திருகோணமலையின் டச்சுக் குடாக் கடற்கரையில் விட்டால் என்னை முந்திக்கொண்டு ஓடுவான். இருந்தும், கடந்த ஆகஸ்ட் விடுமுறைக்குச் சிங்கப்பூரின் செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவுக்குப் போவதென்று முடிவானபோது, பயணச்சீட்டுக்கு முன்னரே ஒரு வண்டி பார்க்கவேண்டும் என்பதில் எனக்கும் கணவருக்கும் இரண்டு எண்ணம் இருக்கவில்லை. கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், கடைகளின் ஒலிபெருக்கிகளும் வெள்ளிக்கிழமைக் கூட்டமும் சேர்ந்த ஒரு மாலைப்பொழுதில், அவன் நடுவழியில் சப்பாணி போட்டு உட்கார்ந்து காதுகளைப் பொத்திக்கொண்டதையும், 31 கிலோவை இருவருமாகத் தூக்கிக்கொண்டு கோட்டை மான்களுக்கு நடுவே வாசல்வரை இறங்கியதையும் நாங்கள் மறந்திருக்கவில்லை. நடக்க முடியாத பிள்ளைக்கு வண்டி எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. நடக்கக்கூடிய பிள்ளைக்கு எதற்கு என்பதைத்தான் விளக்கவேண்டியிருக்கிறது. “இவ்வளவு வளர்ந்த பிள்ளையை வண்டியிலயோ வைச்சுத் தள்ளப் போறாய் பிள்ளை?” என்று மாமி கேட்டதும் அதனால்தான். அவன் களைக்கும்போதும், சத்தம் தாங்காதபோதும், போய் ஒதுங்குவதற்கு அவனுக்கென்று ஓர் இடம் வேண்டும். அந்த இடம் எங்களோடு நகரவும் வேண்டும். வண்டியின் வேலை அவ்வளவுதான்.

தள்ளுவண்டி என்று எழுதினால் எங்களூரில் கச்சான் விற்கும் வண்டில்தான் முதலில் நினைவுக்கு வரும் என்பதால் ஸ்ட்ரோலர் என்றே எழுதுகிறேன்.

பூங்காவிலேயே வாடகைக்கு எடுப்பது முதல் வழி. செலவு குறைவு, ஊரிலிருந்து சுமக்கவேண்டியதில்லை, பழுதானால் அவர்கள் பாடு. ஆனால் பூங்காக்களில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சிறு பிள்ளைகளின் அளவில் வார்த்த கடினமான பிளாஸ்டிக் வண்டிகள்; 10 வயதுப் பிள்ளையின் முழங்கால்கள் அவற்றில் நாடிவரை வந்துவிடும். அதைவிடப் பெரிய தடை, அவை வாசலோடு நின்றுவிடுவது. எங்கள் மகன் குழம்புவது பெரும்பாலும் பூங்காவுக்குள் அல்ல. போகும் வழியிலும் திரும்பும் வழியிலும், விமான நிலைய வரிசையிலும், ரயில் மேடையிலும்தான். இதை அதற்குமேல் யோசிக்கவில்லை.

நான்கு சக்கரத்தில் கையால் இழுக்கும் வாகன் வண்டியை அமெரிக்காவிலுள்ள உறவினர் ஒருவர் பரிந்துரைத்தார். அங்குள்ள டிஸ்னி பூங்காக்களுக்குப் போக நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்: 2019 மே மாதம் முதல் அங்கே வாகன் வகை வண்டிகளுக்கு அனுமதி இல்லை, ஸ்ட்ரோலர்களும் 79 சென்ரிமீற்றர் அகலத்துக்கும் 132 சென்ரிமீற்றர் நீளத்துக்கும் உட்பட்டிருக்கவேண்டும். பெரிய பிள்ளைகளுக்கான மூன்று சக்கர வண்டிகளில் சில நீளத்தில் இந்த எல்லையை நெருங்குவதால் வாங்குமுன் அளந்துகொள்வது நல்லது. அதே பூங்காக்களில், ஸ்ட்ரோலரைச் சக்கர நாற்காலியாகக் கணிக்கும்படி ஒரு அட்டையைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டால், சவாரி வரிசைக்குள்ளும் அதைக் கொண்டுபோகலாம்.

சக்கர நாற்காலியை நாங்கள் அப்படி எளிதில் தள்ளிவிடவில்லை. பின்னால் நிற்பவர் தள்ளும் சிறுசக்கர வகை ஒன்றை, காலமான பெரியப்பாவின் வீட்டிலிருந்து இரண்டு வாரம் இரவல் வாங்கிப் பார்த்தோம். அதற்குச் சாதகமானவை பல. விமானத்தில் அதைப் பொதியின் எடையில் சேர்ப்பதில்லை. எந்த வாசலிலும் எவரும் கேள்வி கேட்பதில்லை. முன்சக்கரங்களில் இருந்தவை 608 என்ற எண்ணுள்ள பெயரிங்குகள், அதாவது சக்கரம் உராயாமல் சுழல உதவும் குண்டு வளையங்கள். பழுதானால் அந்த எண்ணைச் சொன்னால் இரும்புச் சாமான் கடையில் எடுத்துத் தருவார்கள். ஆனால் அது திறந்த இருக்கை. மேலே மூடி இல்லை, முதுகு சாய்வதில்லை, நாற்புறமும் வெளிச்சம், நாற்புறமும் முகங்கள். ஒதுங்க இடம் தேடும் பிள்ளையை அது சபை நடுவே தூக்கி வைத்தது போலாயிற்று. பிரதான வீதியில் இரண்டு பேர் அவன் தலையைத் தடவி “என்ன நடந்தது தம்பிக்கு?” என்று கேட்டார்கள். கேட்டவர்கள் நல்ல மனதோடுதான் கேட்டார்கள். தலையில் தெரியாத கை படுவது அவனுக்கு எத்தகையது என்பது அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. நடப்பதிலும் சிரமமுள்ள பிள்ளை என்றால் என் தீர்ப்பு வேறாக இருக்கும் என்பதையும் சொல்லவேண்டும்.

ஆக, போட்டி பெரிய பிள்ளைகளுக்கான இரண்டு வகை ஸ்ட்ரோலர்களுக்கு இடையேதான் நடந்தது. ஒன்று குடை போல மடங்கும் சிறுசக்கர வகை. மக்லாரன் மேஜர் போன்றவை இந்த இனம். 50 கிலோவரை தாங்குபவை, கையில் தூக்கக்கூடிய எடை. மற்றது, பின்னால் இரண்டும் முன்னால் ஒன்றுமாகக் காற்றடைத்த பெரிய சக்கரங்கள் கொண்ட வகை. காகிதத்தில் ஒப்பிட்டால் பயணத்துக்கு முதலாவதே பொருத்தம். பூங்காவின் தரை மேசைபோல வழுவழுப்பானது. பெரிய சக்கரத்துக்கு அங்கே வேலையே இல்லை. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சிங்கப்பூரில் இல்லை, திருகோணமலையில் இருக்கிறது.

புதிய பொருள் எதையும் எங்கள் மகன் எடுத்த எடுப்பில் ஏற்கமாட்டான். புதுச் செருப்புக்கே மூன்று வாரம் பிடிக்கும். விமானம் ஏறும் அன்று ஒரு புது வண்டியை அவன் முன் நிறுத்தினால் அது வெறும் சுமையாகத்தான் முடியும். எனவே குறைந்தது மூன்று மாதமாவது அது எங்கள் வீட்டு வண்டியாக, மாலையில் உட்துறைமுக வீதிக்கும் கடற்கரைக்கும் போகும் வண்டியாக இருந்திருக்கவேண்டும். அப்படியென்றால் அது பூங்காவின் தரையில் ஓடுமுன் எங்களூர் மணலிலும், உப்புக் காற்றிலும், கொத்திப்போட்ட வீதிகளிலும் மூன்று மாதம் தாக்குப்பிடிக்கவேண்டும்.

லண்டனிலிருந்து வந்த சித்தியின் மகள் ஏப்ரலில் கொண்டுவந்து தந்த குடைமடிப்பு ஸ்ட்ரோலரில்தான் தொடங்கினோம். முதல் 10 நாள் எல்லாம் நன்றாகவே நடந்தது. இருக்கை அவனுக்குப் பிடித்துவிட்டது. மூடியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வீட்டுக்கு வந்ததும் வண்டியைக் கவிழ்த்துப் போடச் சொல்லி, முன்சக்கரத்தை ஒரு விரலால் சுழற்றிக் காதை அருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பான். அரை மணிநேரம் போனாலும் அலுக்காது. மூன்றாவது வாரம் ஒருநாள், சுழற்றிய சக்கரத்தைச் சட்டென்று பிடித்து நிறுத்திவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டான். மறுநாள் மாலை வண்டியில் ஏறமாட்டேன் என்று முரண்டு பிடித்தான். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்கு நாள் கழித்துத்தான் எங்கள் காதுக்கும் கேட்டது: வலது முன்சக்கரத்தில், எலி கத்துவது போல மெல்லிய கிரீச்.

எங்கள் தெருமுனைச் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி மண்ணெண்ணெய் ஊற்றிச் சுழற்றியபோது சக்கரத்தின் நடுவிலிருந்து கறுத்த மணலும், சுருண்ட தலைமயிரும், துருவும் சேர்ந்து வழிந்தன. உள்ளே பெயரிங் இல்லை. பிளாஸ்டிக் துளைக்குள் நேரடியாக ஓர் இரும்புத் தண்டு. தண்டின் மறுமுனை அடித்துத் தட்டையாக்கப்பட்டிருந்தது. “ரிவெட் அடிச்சிருக்கு அக்கா. உடைச்சாத்தான் கழட்டலாம், உடைச்சாப் பூட்ட ஏலாது” என்றார். எண்ணெய் விட்டால் சத்தம் இரண்டு நாளைக்கு நிற்கும். பிறகு அந்த எண்ணெயே மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நுரை போன்ற டயரும் அதற்குள் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. முழுச் சக்கரமும் தயாரிப்பாளரிடமிருந்துதான் வரவேண்டும்; வந்துசேர எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை.

பராமரிப்பு என்றால் செலவுக் கணக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் பிள்ளையின் விஷயத்தில் அது, அவன் வண்டியில் உட்காருவானா மாட்டானா என்ற கேள்வியாகவே மாறியது. மற்றவர்களுக்குக் கேட்காத சத்தம் அவனுக்குக் கேட்கும். கேட்டால் இருக்கை எவ்வளவு சொகுசாக இருந்தாலும் ஏறமாட்டான். சக்கரத்தைக் கழற்றிக் கழுவ முடியாத வண்டி கடற்கரை ஊரில் சத்தம் போட்டே தீரும். ஆகவே விற்பனைக்கு வந்த ஒவ்வொரு வண்டிக்கும் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: சக்கரத்தை வீட்டிலேயே கழற்றலாமா?

கொழும்பில் ஒரு குடும்பம் விற்ற பழைய மூன்று சக்கர வண்டியை மே மாதத்தில் வாங்கினோம். ஒரு பொத்தானை அழுத்தினால் பின்சக்கரங்கள் கையோடு வந்துவிடும். டயரின் பக்கத்தில் 12½ × 2¼ என்று பொறித்திருந்ததைக் கண்ட சைக்கிள் கடைத் தம்பி சிரித்தார். “பன்னிரண்டரை! இது சின்னப் பிள்ளையளின்ர சைக்கிள் டயர் அக்கா. டியூப் எத்தனை வேணும்?” அந்த ஒரு கேள்வியில் எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் சக்கரங்களைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, வெயில்படாமல் காயவைத்து, அச்சைத் துணியால் துடைத்து ஒரு துளி கிறீஸ் தடவுவதற்கு 20 நிமிடம் போதும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று மணலை வாரியடிக்கும் ஜூன், ஜூலையில் வாரத்துக்கு இரண்டு முறை செய்தோம். சட்டம் அலுமினியம் என்பதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. துருப்பிடித்தவை ஆணிகள்தான், அவற்றையும் அதே கடையில் மாற்றினோம். சக்கரம் சுழற்றிக் கேட்கும் பரிசோதனையை மகன் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். அவன் நிறுத்தாமல் சுழற்றினால் வண்டி சரி.

குறைகளை மறைப்பதற்கில்லை. எடை 16 கிலோ. மடித்தாலும் ஒரு சிறிய அலுமாரி அளவு இருக்கும். ஓட்டோவில் சக்கரங்களைக் கழற்றினால்தான் ஏறும். முன்சக்கரத்தைப் பூட்டி வைத்தால் நேராக ஓடும், ஆனால் வளைவில் முன்பக்கத்தைத் தூக்கித் திருப்பவேண்டும். நெரிசலில் பூட்டைத் திறந்துவிட மறக்கக்கூடாது. முன்சக்கரம் திரும்பவே திரும்பாத வகைகளும் உண்டு. அவை ஓட்டப் பயிற்சிக்கு, வரிசைக்கு உதவா. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. கைக்குழந்தையின் வண்டி என்றால் கேள்வியில்லாமல் ஏற்றுவார்கள்; 10 வயதுப் பிள்ளைக்கு என்றதும் மேலதிகப் பொதி என்றார்கள். பயணச்சீட்டுப் பதியும்போதே, இது பிள்ளையின் நடமாட்டத்துக்கான உதவிச் சாதனம் என்று எழுத்தில் சொல்லி, டிபிஎன்ஏ என்ற குறியீட்டைப் பெயரோடு சேர்க்கக் கேட்கலாம். அறிவு, வளர்ச்சி சார்ந்த காரணங்களால் உதவி தேவைப்படும் பயணிகளுக்கு விமான நிறுவனங்கள் இடும் குறியீடு அது. நாங்கள் அதைக் கடைசி வாரத்தில்தான் அறிந்து எழுதினோம். மின்னஞ்சலின் பிரதி கையில் இருந்ததால் தப்பினோம்.

சிங்கப்பூரில் ஸ்ட்ரோலரை விரித்தபடியே ரயிலில் கொண்டுபோகலாம். 2017 முதல் பேருந்திலும் அப்படியே அனுமதிக்கிறார்கள். ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தில் இறங்கி, விவோசிட்டியிலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸில் ஏறியபோது எங்கள் வண்டி இரண்டு பேரின் இடத்தை அடைத்துக்கொண்டது என்பது உண்மை. குடைமடிப்பு வண்டியாக இருந்திருந்தால் என் கணவர் அத்தனை முறை மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டியதில்லை. பூங்காவுக்குள் முதற்பகுதியான ஹாலிவூட் வீதிக்கு மேலே கூரை இருப்பதால் வெயில் தெரியவில்லை. அதைத் தாண்டியதும்தான் வெக்கையும் சத்தமும் தொடங்கின. பகல் ஒன்றரை மணியளவில் மழை கொட்டியது. அவன் கேட்காமலே ஏறி, மூடியை இழுத்துவிட்டு, 40 நிமிடம் அசையாமல் இருந்தான். நாங்கள் இருவரும் ஒரு கூரையின்கீழ் நின்று, முதல்முறையாகக் கையில் இருந்த தேநீரைச் சூட்டோடு குடித்தோம். சவாரிகளுக்கு வண்டியை வெளியே நிறுத்திவிட்டே போனோம். ஒவ்வொரு சவாரி முடிந்ததும் அது நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று அவன் ஓடிப்போய்ப் பார்த்தான்.

நாங்கள் பார்த்தது ஒரே ஒரு பூங்கா, அதுவும் இரண்டு நாள். நாளுக்கொரு நகரமாக ரயில் மாறி மாறிப் போகும் பயணம் என்றால் 16 கிலோவை நான் பரிந்துரைக்கத் தயங்குவேன். கண்டியிலோ நுவரெலியாவிலோ வசிப்பவர்களுக்கு மணலும் உப்பும் பொருட்டில்லை. அவர்களுக்குக் குடைமடிப்பு வகையே வசதியாக அமையக்கூடும். எதை வாங்கினாலும் எத்தனை கிலோ தாங்கும் என்பதை மட்டும் பார்த்து ஏமாறவேண்டாம். இருக்கையிலிருந்து கால்மிதிவரை எத்தனை சென்ரிமீற்றர் என்பதை அளந்து, பிள்ளையின் முழங்காலிலிருந்து குதிக்கால்வரையுள்ள நீளத்தோடு ஒப்பிடுங்கள். எடைக்கு முன் நீளம்தான் தீர்ந்துபோகிறது. எங்கள் வண்டியின் கால்மிதியை இறக்குவதற்கு மூன்று துளைகள் இருந்தன. இப்போது மூன்றாவதில் நிற்கிறது.

பெரியப்பா வீட்டுச் சக்கர நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதற்கு மடக்கக்கூடிய ஒரு மூடி தைக்க முடியுமா என்று ஓட்டோக்களுக்கு இருக்கையும் கூரையும் தைக்கும் ஒருவரிடம் போன வாரம் கேட்டேன். கம்பியை வளைப்பது பெரிய வேலையில்லை என்றும், பிள்ளையை உட்காரவைத்துத் தலைக்கு மேல் எவ்வளவு உயரம் வேண்டும் என்று அளந்து வரும்படியும் சொல்லியிருக்கிறார்.