அஸ்தம்பட்டி ஸ்டடி ஹால்: ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிறார்கள்

வெளியே போர்டில் 'கொரியன் ஸ்டைல் கேபின்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, முதல் நாள் நான் மகளைப் பின்னால் உட்கார வைத்தபடியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதனால் அந்த போர்டிலிருந்தே தொடங்குகிறேன். இந்த ஸ்டடி ஹாலை நடத்துகிற டீச்சரம்மாவிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன்: அந்த ஒரு வரியை அழித்துவிடுங்கள். உள்ளே நீங்கள் நடத்துகிற இடத்துக்கும் அந்த வரிக்கும் சம்பந்தமே இல்லை.

நான் ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டர். அஸ்தம்பட்டி ரவுண்டானாவை ஒரு நாளைக்கு ஆறு தடவை கடக்கிறேன். என் மகள் பதினான்கு மாதமாக இங்கே வருகிறாள். பகலில் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல், மாலை நாலரைக்கு மேல் இங்கே நீட் படிப்பு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மாடியில் 42 கேபின். மூன்று பக்கமும் பிளைவுட் தடுப்பு, ஆளுக்கு ஒரு விளக்கு, ஒரு பிளக், பை மாட்ட ஒரு கொக்கி. ஏ.சி. கிடையாது, மின்விசிறிதான். ஏப்ரல், மே மாதம் சேலம் வெயிலில் மதியம் அங்கே உட்காருவது கஷ்டம், மறைக்க ஒன்றும் இல்லை. பெண் பிள்ளைகளுக்குத் தனி வரிசை, தனிக் கழிப்பறை, இரண்டும் சுத்தம். குடிதண்ணீர் நன்றாக இருக்கும். மாதம் 1,100 ரூபாய். எல்லோருக்கும் அதே 1,100. இந்தக் கடைசி வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று சொல்கிறேன்.

என் மகள் 2023-ல் ப்ளஸ் டூ முடித்தாள். அந்த வருடம் நீட்டில் 388. அப்போது மறுபடி நீட் எழுதுகிறவர்களுக்கான ஒரு ரிப்பீட்டர் கோச்சிங் விடுதியில் சேர்த்தேன். ஊர், பெயர் எதுவும் இங்கே வேண்டாம். வாசலில் ராங்க் வாங்கியவர்களின் படம் பெரிய பேனராக இருந்தது. அதை நின்று பார்த்தேன், பணத்தைக் கட்டினேன். வேறு எதையும் நான் விசாரிக்கவில்லை. ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கவிடுவார்கள், பிள்ளை சாப்பிடாவிட்டால் யார் கவனிப்பார்கள் என்று ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

கட்டணத்தில் நாற்பது சதவீதம் சலுகை கொடுத்தார்கள். அதற்கு ஒரு நிபந்தனை. வாராந்திரத் தேர்வில் அவர்கள் சொன்ன மார்க்குக்குக் கீழே போனால் சலுகை குறையும், மீதியைக் கட்ட வேண்டும். அப்போது எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. படித்தால் சலுகை, சரிதானே என்று நினைத்தேன். மார்க் இறங்கியதும் பணம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது, ஆனால் எனக்கு வரவில்லை. பெற்றோரிடம் கொடு என்று பிள்ளையின் கையில் கொடுத்திருக்கிறார்கள். அப்படி மூன்று கடிதம். அவள் மூன்றையும் இயற்பியல் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தாள்.

2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோர் பார்க்கும் நாள். அம்மாப்பேட்டையிலிருந்து தட்டுவடை செட் பார்சல் கட்டிக்கொண்டு போயிருந்தேன். மகள் பொட்டலத்தைத் தொடவில்லை. எலும்பாகப் போயிருந்தாள். "ப்பா, சொசைட்டி லோன் இன்னும் எத்தனை மாசம் இருக்கு?" என்று கேட்டாள். முப்பத்தொன்று என்றேன். "நான் ஒருத்தி இல்லைன்னா சீக்கிரம் முடிஞ்சிடும்ல?" என்றாள்.

அவள் அழவில்லை, டிக்கெட்டுக்குச் சில்லறை கணக்குப் பார்ப்பது மாதிரிச் சொன்னாள். ஒரு நிமிடம் நானும் அதைக் கணக்காகத்தான் கேட்டேன். பிறகு எனக்குக் கை நடுங்கியது. "என்ன கண்ணு சொல்ற, செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு அன்றே கூட்டிவந்துவிட்டேன்.

அன்று இரவு 14416-க்குப் போன் செய்தேன். அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். இதுவும் ஒரு சேவைதான், அதனால் இதையும் சேர்த்தே எழுதுகிறேன். பேசிய பெண் அவசரப்படவில்லை. பிள்ளையிடம் நேரடியாகக் கேட்டது தப்பில்லை, அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் வளராது என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அவளைத் தனியாக விடாதீர்கள், நாளைக் காலையே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள் என்றார். காட்டினோம். மருந்தும் பேச்சுமாக ஐந்து மாதம். அந்தக் கதை அவளுடையது, அவள் எழுதட்டும்.

இதில் கொரியா எங்கே வந்தது? என் மனைவியின் அக்கா மகன் தென் கொரியாவில் தேஜான் நகரத்தில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறான். மகளின் அறைச் சுவரில் அவள் ப்ளஸ் டூ படிக்கும்போதே ஒட்டிய ஒரு தாள் இருந்தது, கொரிய எழுத்தில் நான்கு எழுத்து. அங்கே மாணவர்கள் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து படிப்பதை வீடியோவாகப் போடுகிறார்கள். அதைப் போட்டுவைத்துக்கொண்டு இவளும் படிப்பாள், அதில் பார்த்து எழுதியது. ஏதோ நல்ல வாசகம் என்று நானும் விட்டுவிட்டேன். அந்த வாரம் அவனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். "சித்தப்பா, முதல்ல அதைக் கிழிச்சுப் போடுங்க. நாலு மணி நேரம் தூங்கினா பாஸ், அஞ்சு மணி நேரம் தூங்கினா ஃபெயில்னு அர்த்தம். இங்க ரொம்ப காலமா சொல்ற பழமொழி."

அப்புறம் அவன் சொன்னதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டுக் கதையாகவே கேட்டது. அவன் இருக்கிற அதே தேஜானில் காய்ஸ்ட் என்று பெரிய அறிவியல் பல்கலைக்கழகம். நம் ஐ.ஐ.டி. மாதிரி. அங்கே மதிப்பெண் ஒரு அளவுக்குக் கீழே போனால் கட்டணம் கட்ட வேண்டும் என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். 2011-ல் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் நான்கு மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டண முறையைக் கைவிட்டார்கள். ஒரு தற்கொலைக்கு ஒரே காரணம் என்று இருக்காது, மருத்துவரும் எங்களிடம் அதைத்தான் சொன்னார். ஆனாலும் இயற்பியல் புத்தகத்துக்குள் இருந்த மூன்று கடிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டவன் நான். மார்க் குறைந்தால் அப்பாவுக்குச் செலவு என்று ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றினால், அது தன்னையே செலவாக எண்ணத் தொடங்கிவிடுகிறது.

கொரியாவில் 2011-லிருந்து இளைஞர்களின் இறப்புக்கு முதல் காரணமே தற்கொலைதான். நம் நாட்டிலும் 2022-ல் மட்டும் 13,044 மாணவர்கள் அப்படிப் போயிருக்கிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு சொல்கிறது. கொரியன் ஸ்டைல் என்ற வார்த்தையைப் பார்த்து நான் ஏன் வண்டியைத் திருப்பினேன் என்று இப்போது புரியும்.

மறுபடி இங்கே வந்தது மகள் கேட்டதால். 2024 ஆகஸ்டில், கல்லூரியில் சேர்ந்த பிறகு, "திரும்ப நீட் எழுதணும்ப்பா, யாரும் சொல்லி இல்ல, எனக்கே தோணுது" என்றாள். எனக்குப் பயம்தான், இன்றைக்கும் இருக்கிறது. மருத்துவரைக் கேட்டோம், அவர் சரி என்ற பிறகுதான் ஒப்புக்கொண்டேன். இந்த முறை மாடியேறி, முன்பு கேட்காத கேள்விகளை எல்லாம் டீச்சரம்மாவிடம் கேட்டேன்.

அவர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மார்க் லிஸ்ட் வேண்டுமா என்றேன். "எனக்கு எதுக்கு? நான் பாடம் நடத்தலையே. இடமும் விளக்கும் கொடுக்கிறேன், அவ்வளவுதான்" என்றார். நன்றாகப் படித்தால் கட்டணம் குறையுமா என்று வேண்டுமென்றே கேட்டேன். "கூடவும் கூடாது, குறையவும் குறையாது" என்றார். அப்போதே பணத்தைக் கட்டிவிட்டேன்.

அவ்வளவுதான் என்றாரே தவிர, அவர் செய்வது அதற்கு மேல். ஐந்தரை மணிக்குள் ஒரு பிள்ளை வரவில்லை என்றால் முதலில் அந்தப் பிள்ளைக்குப் போன், எடுக்காவிட்டால் வீட்டுக்கு. எவ்வளவு நேரம் படித்தார்கள் என்று எந்தப் பெற்றோருக்கும் சொல்ல மாட்டார். ஒரு அப்பா சண்டையே போட்டார், கேமராவைத் தன் போனில் இணைத்துக் கொடுக்கச் சொல்லி. மாடிப்படியில் மட்டும்தான் கேமரா, கேபினுக்குள் கிடையாது, வேண்டுமானால் பையனைக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார். ஆறரைக்கு எல்லோரும் எழுந்து வராண்டாவுக்கு வந்தே ஆக வேண்டும். இருபது நிமிடம். டீயும் சுண்டலும் அவர் செலவு. அந்த இருபது நிமிடத்தில் அவர் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். வண்டி கிளம்பும் முன்பு தலை எண்ணுகிற எனக்கு அந்தப் பார்வை தெரியும்.

ஒன்பது மணிக்கு விளக்கு அணைந்துவிடும். இதில்தான் பல பெற்றோருக்குக் கோபம், விமர்சனங்களிலும் இதற்காக ஒரு ஸ்டார் கொடுத்திருக்கிறார்கள். தேர்வு நெருங்கும்போதாவது பதினொன்று வரை திறந்து வையுங்கள் என்று கேட்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். சியோல் நகரத்தில் ஹாக்வொன் என்கிற டியூஷன் சென்டர்கள் இரவு பத்து மணிக்கு மேல் நடத்தக் கூடாது என்று விதியே போட்டிருக்கிறார்கள். அது எங்கள் உரிமையில் தலையிடுவது என்று வழக்குப் போட்டும், 2009-ல் அவர்கள் அரசியல் சாசன நீதிமன்றம் விதி சரி என்று சொல்லிவிட்டது. பிள்ளைகளைத் தூங்கவிட அங்கே சட்டம் தேவைப்பட்டது. இங்கே ஒரு அம்மாள் சுவிட்சைத் தட்டுகிறார்.

அந்தச் சட்டம் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1980-ல் அங்கே தனி டியூஷனையே தடை செய்தார்கள். 2000-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2023-ல் சுனுங் என்கிற அவர்களுடைய நுழைவுத் தேர்வில் பாடத்துக்கு வெளியே இருந்து வரும் மிகக் கடினமான கேள்விகளை எடுக்கச் சொல்லி அதிபரே உத்தரவிட்டார். இத்தனைக்குப் பிறகும் 2024-ல் பள்ளிப் பிள்ளைகளின் டியூஷனுக்கு அந்த நாட்டுப் பெற்றோர் செலவழித்தது 29 லட்சம் கோடி வோன். நம் பணத்தில் ஒன்றே முக்கால் லட்சம் கோடி ரூபாய்க்குப் பக்கம். வருடத்தில் ஒரே நாள் தேர்வு, அதுதான் வாழ்க்கை என்று வீட்டுக்குள் இருக்கிறவர்கள் நம்பும்வரை, பத்து மணிக்குக் கதவை மூடினால் படிப்பு வீட்டுக்குள் தொடரும். என் மகள் எத்தனை நாள் ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்து மறுபடி புத்தகத்தைத் திறந்திருக்கிறாள்! அதை மூடுவது என் வேலை, டீச்சரம்மாவுடையது இல்லை.

சுனுங் நவம்பரில் வியாழக்கிழமை நடக்கும். ஆங்கிலம் காதால் கேட்டு எழுதும் பகுதி வரும் 35 நிமிடம் நாடு முழுக்க விமானம் ஏறாது, இறங்காது. தாமதமாகும் பிள்ளையைப் போலீஸ் பைக்கில் ஏற்றிப் போவார்கள். பிள்ளை கல்லூரியில் 'ஒட்டிக்கொள்ள' வேண்டும் என்று ஒட்டுகிற மிட்டாயும் பசை அரிசிப் பலகாரமும் கொடுப்பார்களாம். வழுக்கிவிடும் என்று அன்றைக்குக் கடற்பாசி சூப் வைக்க மாட்டார்களாம். நாமும் ஹால் டிக்கெட்டைக் கோட்டை மாரியம்மன் காலடியில் வைத்து எடுக்கிறவர்கள்தான், அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது. ஒரு நாடே மூச்சை அடக்கி நிற்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்பதுதான் என் கவலை.

2025 ஜூன் 14, நீட் முடிவு வந்த நாள். டீச்சரம்மா அன்று கேபின்களைப் பூட்டிவிட்டார், ஹாலைத் திறந்து வைத்தார். பிள்ளைகள் எல்லோரும் தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மார்க் எவ்வளவு என்று அவர் யாரையும் கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு தனியாக மாடிப்படிக்குப் போன பையனின் பின்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டார். என் மகளின் மார்க்கை இங்கே எழுதப் போவதில்லை. இடம் கிடைக்கவில்லை, மறுநாள் ஒரு நாள் முழுக்கத் தூங்கினாள், அடுத்த வாரம் கல்லூரிக்குப் போனாள். அடுத்த வருடமும் எழுதுவாளா என்று நான் கேட்கவில்லை.

குறைகள். கீழே வண்டி நிறுத்த இடம் போதாது, ஆறு மணிக்கு மேல் போனால் ரோட்டோரம்தான். மழை பெய்தால் ஜன்னலோர கேபின்களில் சாரல் அடிக்கும். டீச்சரம்மா ஊருக்குப் போகும் நாட்களில் பார்த்துக்கொள்ளும் தம்பி நல்லவன்தான், ஆனால் வராத பிள்ளைக்குப் போன் செய்ய மறந்துவிடுகிறான். இரண்டு முறை நடந்தது. இதற்காகத்தான் ஒரு ஸ்டார் குறைக்கிறேன். இந்த இடத்தின் உயிரே அந்தப் போன்தான்.

பிள்ளையைக் கோச்சிங் விடுதியில் சேர்க்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன்பு இரண்டு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலில், பாதியில் விலகினால் மீதிக் கட்டணத்தை, விடுதிப் பணம் உட்பட, பத்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது என்றும் இருக்கிறது. மார்க்கை வைத்து பேட்ச் பிரிக்கக் கூடாது என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. எனக்கு ஒரு ரூபாய் திரும்பவில்லை. பரவாயில்லை, பிள்ளை திரும்பி வந்தாள்.

இங்கே சேர்க்க நினைப்பவர்கள் மாலை நாலு மணிக்கு நேரில் போங்கள். முன்பணம் கிடையாது. கடைசி ட்ரிப்பில் மலையிலிருந்து இறங்கி ரவுண்டானா வரும்போது மணி ஒன்பது ஐந்து, ஒன்பது பத்து ஆகும். நான் படிக்கட்டில் நின்று அந்த மாடியைப் பார்ப்பேன். இருட்டாக இருக்கும். கீழே பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.