7ஜே கேட்டேன், 8ஜே வந்தது: அலாய் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் பணம் போடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் போலோ, ஸ்விஃப்ட், ஐ20 வைத்துக்கொண்டு அலாய் சக்கரம் மாற்றலாம் என்று இருக்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். நாலு அலாய், நாலு டயர் வாங்கி 72,400 ரூபாய் போயிருக்கிறது. போன வியாழக்கிழமை பார்சல் வந்தது, இன்றோடு எட்டு நாள், விற்ற ஆள் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டான். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ரிம் அகலம், ஆஃப்செட், டயர் அளவெல்லாம் எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன்.

கடைப் பெயர் போடவில்லை. ஆன்லைன் விற்பனைத் தளத்தில் விளம்பரம் கொடுத்து, அலாயில் டயரை மாட்டி, பேலன்ஸ் பார்த்து, லாரி பார்சலில் அனுப்புகிற வகை. நேரில் போய்ப் பார்க்கக் கடை என்று ஒன்று இருக்கிறதா என்பதே இப்போது சந்தேகம்தான்.

கார் போலோ ஜிடி டிஎஸ்ஐ. கம்பெனி டயர் 195/55 ஆர்16, அதாவது டயர் அகலம் 195 மில்லிமீட்டர், சுவர் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியது எழுத்துக்கு எழுத்து இதுதான்: "17 இன்ச், 7ஜே, ஈடி40, பிசிடி 5க்கு 100, ஹப் ரிங் 57.1, கோன் சீட் போல்ட் 20. டயர் 215/45 ஆர்17, நாலும் ஒரே வருஷம், ஆறு மாசத்துக்குள்ள தயாரிச்சது." புதியவர்களுக்குச் சொல்கிறேன்: 7ஜே என்றால் ரிம் அகலம் ஏழு அங்குலம். ஈடி என்பது ஆஃப்செட், ஹப்பில் உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. பிசிடி 5க்கு 100 என்றால் 100 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து போல்ட். ஹப் ரிங் என்பது அலாயின் நடு ஓட்டைக்கும் (போர்) காரின் ஹப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்கும் வளையம். கோன் சீட் என்றால் போல்ட் உட்காரும் இடம் கூம்பு வடிவம், பால் சீட் என்றால் உருண்டை வடிவம். இதில் குழப்பிக்கொள்ள என்ன இருக்கிறது?

இந்த அளவு ஏன் என்றால், 195/55 ஆர்16 டயரின் மொத்த உயரம் 621 மில்லிமீட்டர். 215/45 ஆர்17 போட்டால் 625. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை, ஸ்பீடோமீட்டர் அப்படியே இருக்கும். 215/45க்கு ரிம் அகலம் 7லிருந்து 8 வரை போடலாம் என்பது டயர் கம்பெனிகளின் கணக்கு. ஆனால் அந்த டயரை வடிவமைத்து அளப்பதே 7ஜே ரிம்மில்தான். டயர் சுவர் நேராக நிற்பதும், ரிம் விளிம்பு டயருக்குள் ஒளிந்திருப்பதும் அதில்தான். 8ஜேயில் டயர் உட்காராமல் இல்லை, உட்காரும். சுவர் இழுபட்டு, ரிம் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். நடைபாதை ஓரத்தில் உரசினால் முதலில் அலாய்தான் அடிபடும்.

நம்பியது எங்கே என்று சொல்கிறேன், அதுதான் எரிகிறது. அந்த ஆளாகவே கேட்டான்: "அண்ணே, போலோவுக்கு ஹப் 57.1, நம்ம அலாய் போர் 73.1. ரிங் இல்லாம அனுப்பினா ஸ்டியரிங் ஆடும், ரிங் சேர்த்துப் போடவா? கம்பெனி போல்ட் பால் சீட், நம்மது கோன் சீட், அதுவும் மாத்தணும்ணே." நூறு கடையில் தொண்ணூறில் இதைக் கேட்க மாட்டார்கள். கேட்கத் தெரிந்தவன் அனுப்பவும் தெரிந்தவனாக இருப்பான் என்று எண்ணிவிட்டேன். அதற்கு மேல் ஒரு ஐஸ் வேறு: "காரைக்குடிக்காரங்க கணக்குல கெட்டியாச்சே, உங்ககிட்ட விளையாட முடியுமாண்ணே?" பேலன்சிங் மெஷினில் சக்கரம் சுற்றுகிற வீடியோ வந்தது. திரையில் இரண்டு பக்கமும் பூஜ்யம். ரிம்மின் பின்பக்கம் 7ஜே என்று ஸ்டிக்கர். முன்பணம் 20,000, பார்சல் ஏற்றுவதற்கு முன்னால் 52,400. ஆக 72,400.

வந்ததைப் பாருங்கள்.

ஹப் ரிங் நாலும் 73.1க்கு 54.1. அது ஸ்விஃப்ட் ஹப்புக்கு உள்ளது. 57.1 ஹப்பில் அது ஏறவே ஏறாது. போல்ட் ஒன்றுகூட இல்லை. டயரில் உற்பத்தித் தேதி எங்கேயும் காணோம். தேதி உள்ள முழு எண் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கச் சுவரில்தான் இருக்கும், அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருக்கிறான். டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டில் 3220, இரண்டில் 0821. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். அதாவது 2020ஆம் வருடத்து 32ஆவது வாரம், 2021ஆம் வருடத்து 8ஆவது வாரம். இதில் இன்னொரு கூத்து. டயர் இரு பக்கமும் ஒரே பூ உள்ளது இல்லை, உள்பக்கம் வேறு, வெளிப்பக்கம் வேறு. சுவரிலேயே 'அவுட்சைடு' என்று அச்சடித்திருக்கும், அது வெளியே தெரிய வேண்டும். வளைவில் பாரம் தாங்குகிற கெட்டியான கட்டைகள் வெளித்தோளிலும், மழைத்தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்கள் அதிகமாக உள்பக்கத்திலும் இருக்கும். தேதியை மறைப்பதற்காக நாலையும் திருப்பி மாட்டியிருக்கிறான். கார் எப்படி ஓடினால் அவனுக்கென்ன.

அடுத்தது அகலம். ஸ்டிக்கரை நகத்தால் கிள்ளி எடுத்தால், வார்ப்பில் அளவு இருக்கவேண்டிய இடத்தில் கிரைண்டர் தடம். சரி, அளந்துவிடுவோம் என்று பஞ்சர் கடையில் ஒரு டயரைக் கழற்றி, வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல்லில் ரிம்மைக் கிடத்தி ஸ்கேல் வைத்தேன். விளிம்புக்கு விளிம்பு 228 மில்லிமீட்டர்.

போன் போட்டேன். "அண்ணே, 7ஜேன்னா வெளி அளவு கூடத்தான் வரும், உள்ள டயர் உட்கார்ற இடத்தைத்தான் கணக்கு வைப்பாங்க" என்றான். சொன்னது பொய்யில்லை, அதுதான் கெட்டிக்காரத்தனம். ஜே அளவு என்பது டயரின் பீடு (ரிம்மில் பிடிக்கும் உள் விளிம்பு) உட்காரும் இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட தூரம்தான். விளிம்புகளையும் சேர்த்து அளந்தால் ஏறக்குறைய ஒரு அங்குலம் கூடும். அப்படியானால் 7ஜேக்கு உள்ளே 178, வெளியே 203 வர வேண்டும். 228 என்றால் உள்ளே 203. அது 8ஜே. உள்ளேயும் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

ஆஃப்செட்டும் அப்படியே. ரிம்மைக் கவிழ்த்து, பின் விளிம்பின் குறுக்கே ஸ்கேல் வைத்து, அங்கிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரை அளந்தால் 149. மொத்த அகலத்தில் பாதி 114, மீதி 35. ஈடி40 கேட்டதற்கு ஈடி35. அஞ்சு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். அகலம் கூடியதில் பக்கத்துக்கு 12.7, ஆஃப்செட் குறைந்ததில் 5, ஆக வெளி விளிம்பு 17.7 மில்லிமீட்டர் கூடுதலாக வெளியே வருகிறது. உள்ளே ஷாக் அப்சார்பர் பக்கம் 7.7 நெருங்குகிறது. பின்னால் மூன்று பேரை ஏற்றி நம்ம ஊர் வேகத்தடை ஒன்றில் இறங்கினால் போதும், ஃபெண்டர் விளிம்பு டயர்த் தோளைச் சீவிவிடும். செம்மண் சாலைப் பள்ளத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன்னாலும் உரசும்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் தட்டிக்கழிப்புதான். முதல் நாள் "செக் பண்றேண்ணே." இரண்டாம் நாள் "டயர் குடோன்ல நிழல்லதான் இருந்துச்சு, புதுசு மாதிரிதான்." புதுசு மாதிரிக்கு யார் 72,400 கொடுப்பார்கள்? மூன்றாம் நாள் வேறொரு குரல், அண்ணே போய் சார் ஆகிவிட்டது: "சார், டயரைக் கழட்டிட்டீங்க, இனிமே ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." கழற்றாமல் எப்படி அளப்பது? போல்ட்டுக்குக் கேட்டால் "கம்பெனி போல்ட்டே போதும் சார்." ஆர்டர் எடுக்கும்போது அவர்களே சொன்னது என்ன! உருண்டை சீட் போல்ட்டைக் கூம்புக் குழியில் முறுக்கினால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும்தான் பிடிக்கும், ஓட ஓட இளகும். இளகி ஓடினால் குழி தேய்ந்து அலாயும் போகும், சக்கரமும் போகும். ஐந்தாம் நாள் 3,000 தருகிறோம், விட்டுவிடுங்கள் என்றார்கள். 72,400க்கு 3,000! தளத்துக்கு எழுதினால் "நாங்கள் இருவரையும் இணைப்பவர்கள் மட்டுமே" என்று ஒரு வரி. அன்று மாலையே அதே தளத்திலிருந்து ஐந்து நட்சத்திரம் கேட்டு இன்னொரு செய்தி.

பில் என்று வந்ததும் பில் இல்லை, எஸ்டிமேட். அதில் 7ஜே, ஈடி, வருடம் எதுவும் இல்லை, 'அலாய் செட்' என்று மட்டும்தான். இது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன், கை நடுங்குகிறது, முடிந்ததை மட்டும் எழுதுகிறேன். டயரை மாட்டி அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ரிம் தனியாக, டயர் தனியாக வரட்டும், உள்ளூரில் கண் முன்னால் மாட்டுங்கள். ரிம் பின்பக்க வார்ப்பு எண்ணையும் நாலு டயரின் தேதியையும் பணம் போடும் முன் படமாகக் கேளுங்கள். ஸ்டிக்கரை நம்பாதீர்கள். ஜே, ஈடி, தேதி மூன்றும் ஜிஎஸ்டி பில்லில் எழுத்தில் வேண்டும். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். போலோவுக்கு போல்ட்டை முறுக்க வேண்டிய அளவு 120 நியூட்டன் மீட்டர், நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்) வைத்துப் பாருங்கள். உண்மையில் நம்ம சாலைக்கு 16 அங்குல ரிம்மிலேயே 205/55 போட்டிருக்கலாம். சுவர் உயரம் 113 மில்லிமீட்டர், 17க்குப் போனால் 97தான். யார் கேட்டது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தாயிற்று. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, அதனால் விடுவதாக இல்லை.

ரிம் நாலும் வளவில் கிடக்கிறது. வழக்கு முடிந்து, எட்டு அங்குல அகலம் தாங்குகிற கார் யாரிடமாவது இருந்தால் கேளுங்கள். 8ஜே, ஈடி35 என்று சொல்லித்தான் தருவேன், டயர் இரண்டு 2020, இரண்டு 2021 என்பதையும் சேர்த்து.