வீட்டுக்குள் சலாது: செம்மண்ணா, தும்புத்தூளா, வெறும் தண்ணீரா?

வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத யாழ்ப்பாணத்தில் செடியை அறைக்குள் வைத்து விளக்கு வெளிச்சத்தில் வளர்ப்பானேன் என்று கேட்டால், கேள்வி நியாயம்தான். மிளகாய்க்கும் கத்தரிக்கும் அது தேவையில்லை, அவை முற்றத்திலேயே நிற்கட்டும். சலாது (லெற்றூஸ் கீரை) அப்படியில்லை. சித்திரை வெயிலில் இலை விரிய முதலே தண்டு நீண்டு பூவுக்குப் போய்விடும், இலையும் கசக்கும். கார்த்திகை மழையில் நாற்று அடியோடு அழுகும்.

அறைக்குள் அதைச் செம்மண், தும்புத்தூள் (தேங்காய்நார்த் தூள்), வெறும் தண்ணீர் என்று மூன்று முறையில் வளர்க்கலாம். விளக்குச் செலவு மூன்றுக்கும் ஒன்றுதான். 4 அடி நீளமும் 1 அடி அகலமும் உள்ள ஒரு தட்டுக்கு 20 வாற் வெள்ளை எல்ஈடி ரியூப் இரண்டு போதும். இலைக்கு மேலே 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, டைமர் போட்டு நாளுக்கு 16 மணித்தியாலம் எரியவிட்டால் மாதத்துக்கு ஏறக்குறைய 19 அலகு மின்சாரம் போகும். ஊதா வெளிச்சம் தரும் மலிவு விளக்குகளை வாங்க வேண்டாம். அந்த நிறத்தில் இலை மஞ்சளாவது கண்ணுக்கே தெரியாது.

விதை முளைக்காதது தொடக்கக்காரரின் முதல் ஏமாற்றம். பெரும்பாலும் விதையில் பிழை இருக்காது. அறை வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் பல சலாது இனங்களின் விதை உறங்கிவிடும். ஈரத் தாளில் சுற்றி மூடிய டப்பாவில் வைத்து, குளிர்சாதனப்பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் விட்டுப் பிறகு விதையுங்கள். வெளிச்சம் படவேண்டிய விதை என்பதால் மேலே மெல்லிசாக மண்ணைத் தூவினால் போதும், புதைக்கக் கூடாது.

இனி வேர் நிற்கும் ஊடகத்துக்கு வருவோம். எதைத் தெரிவு செய்வது என்பதைப் பெருமளவு உங்கள் கிணறுதான் தீர்மானிக்கும். யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிக் கிணறுகளில் இருப்பது சுண்ணக்கல்லில் ஊறிய தண்ணீர். கேத்திலின் அடியைப் பாருங்கள்: வெள்ளைப் படலம் தடிப்பாக ஒட்டியிருந்தால் அந்தத் தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) மேலேயே நிற்கும், அமிலம் விட்டாலும் இலகுவில் இறங்காது. தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் இதோடு உவரும் சேரும். உவர்த்தண்ணீர் மூன்று முறைக்குமே ஆகாது.

செம்மண் கையோடு கிடைக்கும், காசும் இல்லை, சிறு பிழைகளைத் தாங்கும். கடின நீரை மூன்றிலும் நன்றாகச் சமாளிப்பதும் இதுதான். ஆனால் தோட்டத்தில் நீர் வடியும் அதே மண், சாடிக்குள் இறுகிக் கட்டியாகும். தனி மண்ணில் நடாமல் மண், தும்புத்தூள், நன்கு மக்கிய மாட்டெரு மூன்றையும் சம அளவில் கலக்க வேண்டும். எரு பச்சையாக இருந்தால் அறை முழுக்கச் சின்னக் கறுப்பு ஈ பறக்கும், அதன் புழு இளவேரைக் கடிக்கும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விட்டால் ஈ குறையும். கத்தரி, தக்காளி நின்ற பழைய தோட்டத்து மண்ணை எடுக்காதீர்கள். வேர்முடிச்சுப் புழு அதில் இருக்கக்கூடும். கொத்தமல்லிக்கு மட்டும் கேள்வியே இல்லை, செம்மண் கலவைதான். ஆணிவேர்ச் செடி, பிடுங்கி நட்டால் கோபித்துக்கொண்டு பூத்துவிடும்.

தும்புத்தூள் சுத்தமானது, இலேசானது, வேருக்குக் காற்றும் கொடுக்கும். 650 கிராம் கட்டி ஊறினால் 8 லீற்றர் அளவுக்குப் பெருகும். சிக்கல், அதிலுள்ள உப்பு. சோடியமும் பொற்றாசியமும் தும்பில் ஒட்டியிருக்கும். நீங்கள் கொடுக்கும் கல்சியத்தைத் தும்பு பிடித்துக்கொண்டு அவற்றை வெளியே விடும், கல்சியம் செடிக்குக் கிடைக்காது. அதனால் இளம் இலையின் நுனி கருகும். வடியும் தண்ணீரின் கபில நிறம் வெளிறும்வரை நல்ல தண்ணீரில் மூன்று நான்கு தரம் அலசுங்கள். பிறகு கட்டிக்கு 15 கிராம் கல்சியம் நைத்திரேற்று கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவிட்டு, இன்னொரு தரம் அலசுங்கள். பலர் இந்த ஒரு இரவைத் தவிர்த்துவிட்டுப் பிறகு மருந்துக்கடைக்கு அலைகிறார்கள்.

தும்புத்தூளில் சத்து இல்லை என்பதால் விதையிலைக்குப் பிறகு முதல் உண்மையிலை வந்ததிலிருந்து உரம் கொடுக்க வேண்டும். அல்பேர்ட் கலவை போன்ற நீர்ப்பயிர் உரத்தைப் பைக்கற்றில் சொன்ன அளவில் பாதியாகத் தொடங்கி, இரண்டு கிழமையில் முழு அளவுக்குப் போகலாம். ஒவ்வொரு தரமும் சாடியின் அடியால் கொஞ்சம் வடியும்வரை ஊற்றுங்கள், இல்லையென்றால் உப்பு அடியில் தேங்கும். 5 அங்குலச் சாடி ஒன்றுக்கு ஒரு செடி.

மூன்றாவது, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பேர்னாட் கிராட்கி பரப்பிய பம்பில்லா முறை. 5 லீற்றர் கான் ஒன்றுக்கு வெளியே கறுப்புப் பூச்சு அடித்து, வாயில் நாற்று வைத்த, துளையிட்ட யோகட் கப்பைப் பொருத்தி, கப்பின் அடி ஒரு செ.மீ. மட்டும் நனையும்படி உரக்கரைசலை நிரப்பினால் வேலை முடிந்தது. நீர் இறங்க இறங்க மேல்வேர் காற்றில் நின்று மூச்சு விடும். குறைந்துவிட்டதே என்று மறுபடி கழுத்துவரை நிரப்பினால் அந்த வேர் மூழ்கிச் செத்துவிடும். இந்த முறையில் செடிகள் பல சாவது இப்படித்தான். மின்வெட்டு வந்தாலும் கவலை இல்லை. சரியாக அமைந்தால் மூன்றிலும் வேகமாக வளர்வதும் வேலை குறைந்ததும் இதுதான்.

சரியாக அமைவதுதான் இங்கே கஷ்டம். கரைசலின் பிஎச் 5.5 முதல் 6.5 வரை நிற்க வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீரில் அது 7.5க்கு மேலே ஏறி இரும்புச்சத்தைப் பூட்டிவிடும். புதிய இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் காரணம் அதுவே. தேசிக்காய்ச் சாறு விட்டால் இறங்கும், ஆனால் சில நாளில் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிட, பிஎச் பழையபடி ஏறும். மழைநீர் பிடித்து வைத்தவர்களுக்கும் கான் கானாகச் சுத்திகரித்த தண்ணீர் வாங்குபவர்களுக்கும் இந்தத் தொல்லை இல்லை. வெப்பம் இன்னொரு எதிரி: 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும் தண்ணீர், 30 பாகையில் 7.5 தான் பிடிக்கும். வேர் கபில நிறமாகி வழுவழுத்து நாறத் தொடங்கினால் காப்பாற்ற முடியாது. காலி செய்து கழுவுங்கள். கானை ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்குள் சீமெந்து நிலத்தில் வைத்தால் கொஞ்சம் குளிர்ச்சி நிற்கும்.

முதல் தடவை என்றால் தும்புத்தூள். கிணற்றுத் தண்ணீரின் பிழையை அது ஓரளவு மன்னிக்கும், செம்மண் கலவையைப் போல அறைக்குள் ஈயையும் அவ்வளவு கொண்டு வராது. மழைநீர்த் தொட்டி உள்ள வீடென்றால் பக்கத்தில் ஒரு கான் கிராட்கியும் வைத்துப் பாருங்கள். எதில் வளர்த்தாலும் நம் வெப்பத்துக்கு உருண்டைச் சலாது சரிவராது. இலை விரியும் இனத்தை எடுத்து, 35 நாள் அளவில் வெளி இலையாகப் பறிக்கத் தொடங்குங்கள்.

கான் வைப்பவர்கள் கப்பைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பஞ்சாலோ ரேப்பாலோ அடைக்க மறக்க வேண்டாம். மாரிக்குப் பிறகு டெங்கு ஏறும் ஊரில், மூடியில்லாத தண்ணீர்க் கானைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கண்டால் அதில் சலாது நிற்கிறதா என்று பார்க்கமாட்டார்.