தீஞா, பொனவாலா? ஒரே கணவாயின் இரண்டு பக்கங்கள்

பிரான்ஸின் சவ்வா மாவட்டத்தில், ஆல்ப்ஸ் மலைமேல் 2,764 மீட்டர் உயரத்தில் இஸெரான் கணவாய் இருக்கிறது. 1937-இல் திறக்கப்பட்ட தார்ச்சாலை அதைக் கடந்து போகிறது. வடக்குப் பக்கம் இறங்கினால் இஸேர் ஆற்றின் பள்ளத்தாக்கில் தீஞ். தெற்குப் பக்கம் இறங்கினால் ஆர்க் ஆற்றங்கரையில் பொனவால். ஒரு காலத்தில் இரண்டு ஊருக்கும் பிழைப்பு ஒன்றுதான்: மாடு, ஆடு, வைக்கோல், பாலாடைக்கட்டி, பாதி வருடம் பனி. இன்று தீஞ் அடுக்குமாடிகள் நிறைந்த பனிச்சறுக்கு நகரம். பொனவாலில் இன்னும் கல்கூரை வீடுகள்.

பழைய மலைக் கிராமம் ஒன்றைப் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால், பொனவால் என்ற பதில் எளிதாக வந்துவிடும். கண்ணுக்கு அழகு அங்கேதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 'பொனவால் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது, தீஞ் காசுக்காக மாறிவிட்டது' என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை.

தீஞ் தானாக மாறவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிரான்ஸுக்கு மின்சாரம் அவசரமாகத் தேவைப்பட்டது. 1946-இல் மின்துறை அரசுடைமையானது. இஸேர் ஆற்றின் குறுக்கே 180 மீட்டர் உயரத்தில், நாட்டிலேயே உயரமான அணையைக் கட்ட முடிவானது. அணைக்குப் பின்னால் இருந்தது தீஞ். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், நீதிமன்றம் போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் போலீஸ் படை வந்து இறங்கியது. இறந்தவர்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்து வேறு இடத்தில் புதைத்தார்கள். வீடுகளையும் தேவாலயத்தையும் இடித்தார்கள். 1952 வசந்தத்தில் தண்ணீர் ஏறியது. மறு வருடம் குடியரசுத் தலைவர் வன்சான் ஓரியோல் வந்து அணையைத் திறந்துவைத்தார்.

மிஞ்சியவர்கள் என்ன செய்வார்கள்? கொஞ்சம் மேலே லே புவாஸ் என்ற இடத்தில் பழைய தேவாலயத்தைப் போலவே ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். பிறகு அதற்கும் மேலே, 2,100 மீட்டர் உயரத்தில், இயற்கையான சின்ன ஏரி ஒன்றைச் சுற்றியிருந்த மேய்ச்சல் நிலத்தில் பனிச்சறுக்கு ஊர் எழும்பியது. 1992 ஆல்பர்வில் குளிர்கால ஒலிம்பிக்கில் ஃப்ரீஸ்டைல் சறுக்குப் போட்டிகள் இங்கேதான் நடந்தன. இழந்த ஊருக்கு ஈடாகக் கிடைத்த பிழைப்பு அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் பொனவால். 1,800 மீட்டர் உயரம். சுற்றிலும் மரம் அரிது என்பதால் ஆட்டுச் சாணத்தைக் காயவைத்து அடுப்பெரித்தார்கள். ஆமாம், வறட்டிதான்! வீட்டு மாடத்தில் அடுக்கிக் காயவைப்பார்கள். குளிர்காலத்தில் ஆடுமாடுகளோடு ஒரே கூரையின் கீழ் படுத்து, அவற்றின் உடற்சூட்டில் குளிர் காய்ந்தார்கள். கூரையில் வேய்ந்த கனமான கற்பலகைகள் பனியின் பாரத்தைத் தாங்கும்.

இதெல்லாம் தானாக நிலைத்துவிடவில்லை. 1957 ஜூனில் ஆர்க் ஆறு பெருக்கெடுத்து ஊரைச் சிதைத்தது. அதற்கு முந்தைய வருடம் மேயரான ஜில்பேர் ஆந்த்ரே, வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர். 1995 வரை அவரே மேயர். மின்கம்பி, தொலைபேசிக் கம்பியெல்லாம் மண்ணுக்கடியில் போயின. கூரைகளில் ஆண்டெனா கூடாது என்றானது. பனிச்சறுக்கு வசதி 1968-இல் இங்கும் வந்தது. ஆனால் புதுக் கட்டடங்களைப் பழைய ஊருக்குள் விடாமல், பக்கத்தில் தனியாக வைத்தார்கள். 1963-இல் பிரான்ஸின் முதல் தேசியப் பூங்காவாக வனுவாஸ் உருவானதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆக, பொனவால் எடுத்தது ஒரு முடிவு. அந்த முடிவை எடுக்க அவர்களுக்குக் காலடியில் ஒரு ஊர் மிச்சம் இருந்தது. தீஞ்காரர்களுக்கு அது இல்லை.

சரி, எங்கே போவது? பனிச்சறுக்குதான் நோக்கம் என்றால் தீஞ், யோசிக்கவே வேண்டாம். குளிர்காலத்தில் அமைதி வேண்டுமென்றால் பொனவால். அப்போது கணவாய் மூடியிருக்கும், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது பெரிய சுற்று. ரயிலில் வருபவர்கள் தீஞுக்கு பூர்-சான்-மோரீஸிலும், பொனவாலுக்கு மொதானிலும் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.

வரலாறுதான் வேண்டுமென்றால் கோடையில் போங்கள், தீஞிலிருந்து தொடங்குங்கள். மேலே உள்ள சறுக்கு ஊருக்கு நேராகப் போய்விடாமல் லே புவாஸில் இறங்கி, அந்தத் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு அணை ஏரிப் பக்கம் வாருங்கள். முன்பெல்லாம் அணையைச் சோதிக்க ஏரியை முழுசாக வடிய விடுவார்கள். 2000-இல் அப்படி வடிந்தபோது பழைய ஊரின் இடிபாடுகள் வெளியே வந்தன. அங்கே பிறந்தவர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடிச் சேற்றில் நடந்தார்கள்.

அங்கிருந்து, கணவாயின் வடக்கு அடிவாரத்தில் உள்ள வால் திஸேர் என்ற ஊர் வழியாகக் கணவாய் ஏறுங்கள். வால் திஸேரிலிருந்து பொனவாலுக்குச் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஏரியைப் பார்த்த கண்ணோடு பொனவாலின் சந்துகளில் நடக்கும்போது, அங்குள்ள ஒவ்வொரு கல்லும் வேறு மாதிரி தெரியும். ஜூனில் போவதாக இருந்தால் மட்டும் கணவாய் திறந்துவிட்டதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பனி அதிகமான வருடங்களில் தாமதமாகத்தான் திறப்பார்கள்.