மைல்ஸ் ஸ்டாண்டிஷ் காட்டில் குளக்கரை நடை: ஐந்துக்கு நான்கு

மாசசூசெட்ஸின் பிளிமத், கார்வர் ஊர்களில் 12,000 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் மைல்ஸ் ஸ்டாண்டிஷ் மாநிலக் காட்டில், வழிகாட்டியோடு குளக்கரையைச் சுற்றிவரும் நடை இது. செடிகொடிகளில் ஆர்வம் உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் ஆகஸ்டில் போங்கள்; மழை குறைந்த ஆண்டாக இருந்தால் இன்னும் நல்லது.

பனியுகத்தின் முடிவில் மணலுக்குள் புதைந்த பனிப்பாளங்கள் உருகியதால் உண்டான குளங்கள் இவை. பலவற்றுக்கு வரத்தும் இல்லை, வடிகாலும் இல்லை. நிலத்தடி நீர் ஏறினால் குளமும் ஏறும், இறங்கினால் கூடவே இறங்கும். நீர் வற்றிய ஆண்டில், மணலில் காத்துக் கிடந்த விதைகள் முளைத்துக் கரையெங்கும் பூக்கின்றன. நீர் பெருகும் ஆண்டில், கரையைப் பிடிக்க வந்த புதர்களும் பைன் கன்றுகளும் மூழ்கி அழிகின்றன. இரண்டும் மாறி மாறி நடந்தால்தான் அந்தப் பூக்களுக்கு இடம் இருக்கும். பக்கத்தில் கிணறு தோண்டி அளவின்றி நீரை இறைத்தாலோ, வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து நைட்ரஜன் கசிந்து வந்தாலோ இந்த ஏற்பாடே குலைந்துவிடும் என்று வழிகாட்டி அழுத்திச் சொன்னார். அவர் பேச்சில் உண்மையான கவலை இருந்தது.

பிளிமத் ஜென்ஷன் பூவை நான் மண்டியிட்டுப் பார்த்தேன். இளஞ்சிவப்பு இதழ்கள், நடுவில் மஞ்சள், அந்த மஞ்சளைச் சுற்றி மை தொட்டு வரைந்தது போல ஒரு சிவப்புக் கோடு. இரண்டடி தள்ளி, நூல் போல நிமிர்ந்து நின்றது பூச்சியுண்ணும் பனித்துளிச் செடி. சத்தில்லாத மணலில் தழைச்சத்துக்கு அதற்குப் பூச்சிதான் வழி. பசைத்துளியில் ஒட்டிய சின்ன ஈ ஒன்று இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து எழுந்துவர மனமே இல்லை.

ஆமையையும் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அன்று கண்ணில் படவில்லை. 1980 முதல் அழியும் நிலையில் உள்ளதாக அமெரிக்க அரசு பட்டியலிட்டிருக்கும் செவ்வயிற்று ஆமை அது.

ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது கூட்டத்துக்காக. கரை சில அடி அகலம்தான். அவ்வளவு பேரை ஒரே நேரத்தில் அழைத்துப் போனதால், பின்னால் வந்தவர்கள் வேறு வழியின்றிச் செடிகளை மிதித்தார்கள். காப்பாற்றச் சொல்லிக் காட்டும் இடத்திலேயே அதை மிதிக்க விடலாமா? குழுவைப் பாதியாக்கி இரண்டு வேளை நடத்தினால், கட்டணம் கூடினாலும் நான் கொடுப்பேன்.

முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். அந்தப் புதர்களில் உண்ணி உண்டு.