ஆரோரா படைவீரர் மருத்துவமனை: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரை ஒட்டிய ஆரோராவில் நிற்கிறது, முன்னாள் படைவீரர்களுக்கான ராக்கி மவுண்டன் வட்டாரப் படைவீரர் மருத்துவமனை. 31 ஏக்கர் நிலம், சுமார் 12 லட்சம் சதுர அடி. டென்வரின் பழைய மருத்துவமனை 1951-இல் திறந்தது. அதற்கு மாற்று வேண்டும் என்ற பேச்சு 1990-களின் கடைசியிலேயே எழுந்தது. அடிக்கல் நாட்டியது 2009-இல். நோயாளிகள் புதுக் கட்டடத்துக்குள் வந்தது 2018 ஆகஸ்டில்.

முதலில் நல்லதைச் சொல்லவேண்டும். 30 படுக்கைகளோடு முதுகுத்தண்டு சேதத்துக்கென்றே ஒரு மையம் இங்கே இருக்கிறது. இந்த ஒன்றுக்காகவே இப்படியொரு மருத்துவமனையைப் போராடிக் கேட்கலாம். கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவரைச் சாதாரண வார்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது கடினம். படுக்கைப்புண் வராமல் நேரம் தவறாது புரட்டிவிட வேண்டும், சிறுநீர்ப்பைக்குத் தனிக் கவனம் வேண்டும். ஆளைத் தூக்கி நகர்த்தும் தண்டவாளத்தைக் கூரைத் தளத்தோடு பிணைக்க வேண்டும். பழைய கட்டடத்தில் இதைப் பின்னால் சேர்ப்பது என்றால் கூரையைப் பிரிக்கவேண்டும், கதவுகளை இடித்து அகலப்படுத்தவேண்டும். கொலராடோ பல்கலைக்கழக மருத்துவ வளாகம் பக்கத்திலேயே இருப்பதும் பெரிய வசதி. ஒரே நிபுணர் இரண்டு இடத்திலும் பார்க்க முடிகிறது.

குறைகளும் சிறியவை அல்ல. கட்டடங்களை இணைக்கும் கண்ணாடிக் கூடம் ஆயிரம் அடிக்கும் மேல் நீளுகிறது. பார்க்க அழகுதான். செயற்கைக் காலோடும் ஆக்சிஜன் சிலிண்டரோடும் வருகிறவருக்கு அது நீண்ட நடை. அந்தக் கண்ணாடிக்குச் செலவிட்ட நேரத்தில் தேவையான சில விஷயங்கள் கழன்று போயின. செலவைக் குறைக்க, போருக்குப் பிந்தைய மன அழுத்தத்துக்கான தங்கு சிகிச்சைக் கட்டடத்தைத் திட்டத்திலிருந்து நீக்கினார்கள். பொது மருத்துவப் பிரிவுகளுக்கு இடம் போதாமல், பழைய மருத்துவமனையின் ஒரு பகுதியை மேலும் சில ஆண்டுகள் வைத்துக்கொள்ளும் நிலை வந்தது. இவ்வளவு காத்திருந்த பிறகு இப்படி நடந்தது மன்னிக்க முடியாதது.

தாமதமும் கூடுதல் செலவும் எங்கே உண்டாயின? 2004-இல் மதிப்பீடு 32.8 கோடி டாலர். முடிந்தபோது சுமார் 170 கோடி. வரைபடம் தயாராகும்போதே கட்டுநரையும் உட்காரவைத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் விலை சொல்லவைப்பது இங்கே தேர்ந்தெடுத்த ஒப்பந்த முறை. முறை நல்லதுதான். ஆனால் கட்டுநரான கீவிட்-டர்னர் கூட்டு நிறுவனம் உள்ளே வந்தபோது வரைபடம் வெகுதூரம் போய்விட்டிருந்தது. 2011-இல் 60.4 கோடி டாலருக்கு விலை பேசி முடித்தார்கள். சுமார் 58.3 கோடிக்குள் கட்டக்கூடிய வரைபடத்தைத் தருவதாகப் படைவீரர் நலத்துறை ஒப்புக்கொண்டது. அந்த வரைபடம் வரவே இல்லை. துறை ஒப்பந்தத்தை மீறிவிட்டது என்று, அரசு ஒப்பந்தத் தகராறுகளை விசாரிக்கும் ஒப்பந்த மேல்முறையீட்டு வாரியம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கட்டுநர் வேலையை நிறுத்தினார். அடுத்த ஆண்டு ராணுவப் பொறியாளர் படை பொறுப்பேற்றது. அதே நிலத்தில், அதே கட்டுநரே திரும்பி வந்து முடித்துக் கொடுத்தார். மாறியது நிர்வகித்த கை மட்டும். தாமதமான மருத்துவமனைக்காக மனு எழுதுகிறவர்கள் இதைத்தான் முதலில் கவனிக்கவேண்டும். பணம் மட்டும் கேட்டால் இன்னொரு ஆரோராதான் கிடைக்கும்.

இது ஓர் ஊரின் கதை மட்டுமல்ல. லாஸ் வேகாஸ், ஆர்லாண்டோ, நியூ ஆர்லியன்ஸ், டென்வர் ஆகிய நான்கு திட்டங்களை, அரசுச் செலவைத் தணிக்கை செய்யும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் ஆராய்ந்து 2013-இல் அறிக்கை தந்தது. செலவு 59 முதல் 144 சதவீதம் வரை கூடியிருந்தது. தாமதம் 14 முதல் 74 மாதம். ஆர்லாண்டோவில் மருத்துவக் கருவிகளின் திட்டமிடலும் கட்டுமானமும் ஒத்துப்போகவில்லை. கருவியைக் கடைசியில் வாங்கி வைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் எம்ஆர்ஐ அறையைப் பார்க்கவேண்டும். சுவருக்குள் செப்புத் தகட்டுக் கவசம், தரை தாங்கும் எடை, குளிர்நீர்க் குழாய், அவசரத்தில் ஹீலியம் வெளியேறக் கூரைக்கு மேல் போகும் குழாய் எல்லாமே மாடலைப் பொறுத்தவை. சுவர் எழும்பிய பிறகு மாடல் மாறினால் உடைத்துத்தான் ஆகவேண்டும். ஒவ்வொரு உடைப்புக்கும் ஒரு மாற்ற ஆணை, அதாவது ஒப்பந்த வேலையைத் திருத்தும் உத்தரவு. ஒவ்வொரு ஆணைக்கும் ஒப்புதல் வரும்வரை வேலையாட்கள் காத்திருப்பார்கள்.

10 கோடி டாலருக்கு மேற்பட்ட திட்டங்களைத் துறைக்கு வெளியே உள்ள அரசு அமைப்பு நிர்வகிக்கவேண்டும் என்று 2015-இல் சட்டம் வந்தது. ஆரோரா தந்த பாடம் அது. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரம் வேறு வழியில் போனது. முழு மருத்துவமனைக்காக வரிசையில் காத்திருந்த ஊர் அது. நன்கொடையாளர்களுக்கு இடம்கொடுக்க 2016-இல் வந்த சட்டத்தின் கீழ், வடிவமைப்புக்கென ஒதுக்கிக் கிடந்த 5.6 கோடி டாலரோடு உள்ளூர் நன்கொடை 3 கோடியைச் சேர்த்து, புறநோயாளர் மையத்தைக் கட்டி 2020-இல் திறந்துவிட்டார்கள். படுக்கைகள் உள்ள மருத்துவமனைக்கு அது ஈடாகாது. ஆனால் பெரும்பாலான வருகை புறநோயாளர் வருகைதான். அதைப் பிரித்து முதலில் கட்டினால், பெரிய கட்டடம் வரும்வரை முதியவர்கள் பழைய நடைக்கூடங்களில் நெருக்கியடித்து நிற்கவேண்டியதில்லை.

ஆகவே, மனு எழுதுகிறவர்களே, கேட்பதை நறுக்காகக் கேளுங்கள். வரைபடம் எத்தனை சதவீதம் முடிந்தது, அந்த நிலையில் வெளியார் ஒருவர் செலவை மதிப்பிட்டாரா? கருவிப் பட்டியல் எந்தத் தேதியில் பூட்டப்படும்? எத்தனை டாலர் வரை மாற்ற ஆணைக்குக் களத்தில் இருக்கும் பொறியாளரே கையெழுத்திடலாம்? செலவு எகிறினால் எது முதலில் கழன்று விழும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். முகப்புக் கண்ணாடியும் மரப்பலகைச் சுவரும் அந்தப் பட்டியலின் முதலிடத்தில் இருக்கட்டும்; மனநலத் தங்குமிடமும் முதுகுத்தண்டு வார்டும் அதில் இடம்பெறவே கூடாது.